பாலத்துக்குப் பெயர் வைத்த தெரு

கவுன்சிலருக்குத் திடீரென்று ஜனநாயகத்தின்மேல் காதல் வந்துவிட்டது. வருடக்கணக்கில் வார்டுப் பக்கம் தலைகாட்டாத மனிதர், ஒருநாள் காலை எல்லாருடைய போனிலும் கைகூப்பிச் சிரித்தார். "இனிமே நான் முடிவு பண்ண மாட்டேன். நீங்கதான் முடிவு பண்ணப் போறீங்க" என்றார். இத்தனை நாள் அவர் முடிவு பண்ணி என்ன கிழித்தார் என்பதற்கு அந்த வீடியோவில் ஒரு வார்த்தைகூட இல்லை. வார்டுக்கு ஒரு வேலை ஒதுக்கியிருக்கிறார்களாம், மூன்றில் எது என்று மக்களே சொல்லலாமாம். பூங்கா வாசலில் வண்ண விளக்கு வளைவும் அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்க ஒரு மேடையும். சந்தைக்கு எதிரில் ஒரு ராட்சத டிவித் திரை. இல்லாவிட்டால் பின்தெரு வாய்க்காலின்மேல் ஒரு பாலம். 'நம் குரல்' என்ற ஆப்பை இறக்கிப் பிடித்ததை அழுத்தினால் வேலை முடிந்தது.

பின்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளை எல்லாரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள் உட்பட. வீடியோவைப் பார்த்து முடித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. இரண்டாவதாகச் சொன்னது இது: "மனுஷன் நடக்கிற பாலத்தையும் இவன் பல்லைக் காட்டிட்டு நிக்கிற மேடையையும் ஒரே வரிசையில வெச்சிருக்கான் பாரு."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பின்தெருவுக்கு ஒரு பக்கம் தொழிற்சாலையின் உயரமான பின்சுவர், மறுபக்கம் கழிவுநீர் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால்தான் மெயின்ரோடு. அதன்மேல் இருந்த கான்கிரீட் தளம் போன மழையில் நடுவில் முறிந்து உள்ளே விழுந்தது. அன்றிலிருந்து தெருவுக்கும் உலகத்துக்கும் நடுவே இருந்தது ஒரு மரப்பலகை மட்டுமே. இளவட்டங்கள் போன் பேசிக்கொண்டே அதில் நடந்துவிடுவார்கள். அவளுடைய மாமனாரால் முடியாது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அடுத்த நாள் என்று ஒன்று உண்டு. ஒரு தடவை தவறினால் மூச்சு வாங்கும். அதற்குமேல் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அவருடைய மகன், அவள் புருஷன், கப்பலில் வேலை பார்த்தான், வருடத்தில் பாதி நாள் கடலில். ஆகவே கிழவரைக் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்பக்கம் பஞ்சர் கடைக்காரரும் பின்பக்கம் வேன்காரரும் தூக்கிப் பலகையைக் கடப்பார்கள். வேன் மெயின்ரோட்டில் நிற்கும். தூக்குவதற்காக இருவரும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ஜெராக்ஸ் அக்கா மருந்துப் பையோடு பின்னால் வருவாள். ஒரு தடவை வேன்காரரின் செருப்பு வழுக்கி நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கிழவர் விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கண்ணை மூடினால் அந்த நாற்காலி சாய்ந்துகொண்டே இருந்தது. பாலம் ஜெயித்தே தீர வேண்டும்.

தெருவை நம்பிப் பிரயோஜனமில்லை என்பது அவள் தீர்மானம். அந்தத் தெருவின் விண்ணப்பங்களைக் காலங்காலமாக நிரப்பிக் கொடுப்பவள் அவள்தானே? பிறந்த தேதி கேட்டால் 'நீயே ஒன்னு போடு' என்பார்கள். பாஸ்வேர்டை வாசல் சுவரில் கரியால் எழுதி வைப்பார்கள். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று எவனாவது போன் பண்ணினால் வங்கிக் கணக்கு எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். இந்தக் கூட்டம் ஆப்பை இறக்கி, பதிவு பண்ணி, மூன்றில் சரியானதை அழுத்தி, அதுவும் கெடு முடிவதற்குள்? நடக்கிற காரியமா? "போனைக் கொண்டாந்து குடுங்க, ஓட்டை நான் போட்டுக்கறேன்" என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள்.

அவளுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. அந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் உள்ளதுதான். விண்ணப்பத்தில் இமெயில் என்று ஒரு கட்டம் வந்தால், வந்தவரிடம் கேட்டு நேரத்தைப் பாழாக்க மாட்டாள். அவருக்கு இருக்காது, இருந்தாலும் நினைவில் இருக்காது. கடையின் இமெயிலைப் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடச் சேர்க்கை, கல்யாணப் பதிவு, இறப்புச் சான்றிதழ் என்று பின்தெருவின் மொத்த வாழ்க்கையும் அவளுடைய ஒரே இன்பாக்ஸில்தான் வந்து விழும். அன்றும் கை அதே பழக்கத்தில் ஓடியது. ஒரே கம்ப்யூட்டர், ஒரே வைஃபை, ஒரே இமெயில். வந்தவர்கள் போனில் வந்த எண்ணைச் சொன்னார்கள், எழுந்து போனார்கள். எதற்கு என்று கேட்ட ஒன்றிரண்டு பேரையும் "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான், கிளம்புங்க" என்று விரட்டினாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் பாலத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் பெருமையாகச் சொன்னாள். "மாமா, உங்களுக்கும் சேர்த்துப் போட்டாச்சு."

கிழவர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். தொழிற்சங்கக் கூட்டங்களில் கை தூக்கியும் தூக்க மறுத்தும் காலம் கழித்த மனிதர். உடம்பு போனாலும் வாய் போகவில்லை.

"எனக்கு நீ எப்படிம்மா போடலாம்?"

"ஏன், பாலம் வேணாமா உங்களுக்கு?"

"வேணும்."

"பாலத்துக்குத்தான் போட்டேன்."

"அதை என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பாலம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீ கேக்கலையே."

இவரைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது நான், ரோஷம் மட்டும் இவருக்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மாத்திரையை நீட்டினாள். அவர் வாங்கி விழுங்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முடிவு ஆப்பில் வந்தது. வளைவுக்கு நூற்றுச் சொச்சம். டிவிக்கு அதில் பாதி. பாலத்துக்கு ஒன்று.

ஜெராக்ஸ் அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மறுநாளே தெருவைத் திரட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே 'மக்கள் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்' என்று ஒருவர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, காதில் வெள்ளையாக ஒரு ஒயர், சுவரில் 'உங்கள் குரலே எங்கள் வழிகாட்டி' என்று ஆளுயரப் போஸ்டர். அந்த அறைக்குள் வெளிச்சத்தம் வராதபடி கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். பங்கேற்க வந்த மக்கள் வராந்தாவில் நின்றார்கள். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது.

"உங்க தெருவிலேர்ந்து ஒரே ஆள்தான் மேடம் ஓட்டுப் போட்டிருக்காங்க" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"யாரு?"

அவர் இமெயிலைப் படித்தார்.

"அது என் கடை."

"அப்போ சரியாத்தானே இருக்கு."

"சரியா இருக்கா? வெளியில நிக்கிறவங்கெல்லாம் யாருன்னு நினைச்சீங்க?"

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெளியே மழை பெய்கிறதா என்று பார்க்கும் பார்வை அது. "சிஸ்டத்துல இவங்க இல்லையே மேடம். ஒரே இமெயில், ஒரே கம்ப்யூட்டர், ஒரு நாள்ல இத்தனை ஓட்டு. மெஷின் போடுற கள்ள ஓட்டுன்னு சிஸ்டம் ஒதுக்கிடும். மனுஷன் மாதிரி ஓட்டுப் போடுற மெஷினெல்லாம் வந்தாச்சு."

"அதோ அந்தப் பஞ்சர் கடை அண்ணன் உங்க வாசல்ல நின்னு இருமறாரே, மெஷின் இருமுமா?"

"இருமலை ஆப்புல ஏத்த முடியாது மேடம்."

அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பாதி கோபம் தணிந்திருக்கும். அந்த மனிதர் உண்மையாகவே சொன்னார். வருத்தத்தோடு வேறு சொன்னார். கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது. நாளை மாலைக்குள் ஒவ்வொருவரும் சொந்த போனில், சொந்த இமெயிலில், சொந்த முகத்தைக் காட்டி, தான் ஒரு மனிதர்தான் என்று நிரூபித்தால் ஓட்டைச் சேர்த்துக்கொள்வார்கள். கடை வைஃபை கூடவே கூடாது.

பின்தெருவில் தொழிற்சாலைச் சுவர் மறைப்பதால் போன் பேசலாமே தவிர நெட் நிற்காது, தெருவே கடை வைஃபையில்தான் ஓடியது. சொந்த நெட் வேண்டுமானால் மெயின்ரோட்டுக்குத்தான் போக வேண்டும். அதாவது, பாலம் வேண்டும் என்று சொல்வதற்குப் பாலம் இல்லாத வாய்க்காலைத் தெருவே தாண்டியாக வேண்டும். ஒரு எதிரி உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு கேவலமான திட்டம் தோன்றியிருக்காது. முழங்கால் வலிக்காரர்கள் பலகையில் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். பால்காரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடியபடி நடந்தாள். கிழவரை நாற்காலியில் தூக்கி வந்தார்கள்.

அப்புறம் நடந்த கூத்தை மெயின்ரோட்டில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். இடப்பக்கம் பாருங்கள் என்றது ஆப். பார்த்தார்கள். வலப்பக்கம் பாருங்கள், கண் சிமிட்டுங்கள், சிரியுங்கள் என்றது. வளர்ந்த மனிதர்கள் சாலையோரத்தில் வரிசையாக நின்று ஆளுக்கொரு போனைப் பார்த்துப் பல்லிளித்தார்கள். ஜெராக்ஸ் அக்கா ஒவ்வொருவருக்காக இமெயில் உண்டாக்கிக் கொடுத்துத் தொண்டை வறண்டு போனாள். "பட்டனை நான் அழுத்தறேன், கையை எடுங்க" என்று பழக்கதோஷத்தில் வாயில் வந்ததை ஒவ்வொரு தடவையும் விழுங்கினாள்.

கிழவர் மட்டும் சிரிக்க மறுத்துவிட்டார்.

"ஓட்டுப் போட நான் எதுக்குச் சிரிக்கணும்?"

"மாமா, ஒரு நிமிஷம். எனக்காக."

"என்ன நடந்துடுச்சுன்னு சிரிக்கச் சொல்றே? நான் கோபமா ஓட்டுப் போடக் கூடாதா?"

போன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிவப்பில் ஒரு வரி காட்டியது. அவள் படிக்கத் தயங்கினாள். அவர் விடவில்லை. "உயிருள்ள நபர்தான் என்று உறுதிசெய்ய இயலவில்லை" என்று படித்தாள்.

"மறுபடி படி."

படித்தாள். கிழவருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாரம் முழுவதும் இயந்திரத்தின் தயவில் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மனிதரிடம் இன்னொரு இயந்திரம் வந்து, நீ உயிரோடுதான் இருக்கிறாயா என்று கேட்கிறது. நாற்காலி குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை காறித் துப்புகிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். ஆப்புக்கு அது போதுமானதாக இருந்தது. பச்சையில் 'நன்றி' என்றது. பாலத்தை அவரே அழுத்தினார்.

பாலம் ஜெயித்தது. பின்தெரு முழுவதும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. கவுன்சிலர் மெயின்ரோடு வரைக்கும் வந்து, பலகைமேல் காலை வைக்காமல் அதன் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டு போனார். தெரு போராடி ஜெயித்ததையே தன் வெற்றியாக மாற்றிக்கொள்ள அந்த ஆளுக்கு முகத்தில் ஒரு தசைகூட நகரவில்லை. வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று ஜெராக்ஸ் அக்கா ஒருங்கிணைப்பாளருக்குப் போன் பண்ணினாள்.

"அடிக்கல் நாட்டணும் மேடம். அடிக்கல்லுல பாலத்தோட பேர் பொறிக்கணும். பேரு மக்கள்தானே முடிவு பண்ணணும்? இன்னிக்கு ஆப்புல வரும் பாருங்க."

வந்தது. 'உங்கள் பாலத்துக்கு என்ன பெயர்? நீங்களே முன்மொழியுங்கள், நீங்களே வாக்களியுங்கள்!' முகம் காட்டிப் பதிந்துவிட்டவர்கள் இனி கடை வைஃபையிலும் போடலாம். இந்தத் தடவை இன்னொரு புது வசதி. எந்தப் பெயருக்கு எவ்வளவு ஓட்டு என்று பட்டை பட்டையாகக் கண்ணெதிரே ஏறும், இறங்கும். கெடு முடியும்வரை ஓட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கான்கிரீட் தளத்தை நின்று கட்டியவர் என் அப்பா என்று பஞ்சர் கடைக்காரர் தன் அப்பா பெயரைப் போட்டார். அதற்கும் முன்னால் அங்கே முதன்முதலில் மரத்தை வெட்டிப் போட்டு வழி உண்டாக்கியவர் என் அப்பா என்று வேன்காரர் தன் அப்பா பெயரைப் போட்டார். இரண்டு அப்பாக்களும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்து, ஒரே பீடியைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள். பிள்ளைகள் எதிரும் புதிருமாக நின்றார்கள். தெரு இரண்டாகப் பிளந்தது. வாட்ஸப் குரூப்பும் இரண்டானது. மூன்றில் ஒன்றை அழுத்தத் தெரியாது என்று அவள் நினைத்திருந்த ஜனங்கள், இப்போது பல் துலக்கும்போதும் அழுத்தினார்கள், பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் அழுத்தினார்கள். வெளியூரிலிருக்கும் மச்சானையும் மருமகனையும் கூப்பிட்டு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக்காரர் கடையில் இந்தப் பக்கத்துக்காரர் சோப்பு வாங்குவதில்லை. இல்லாத பாலத்தின் பெயருக்காக ஒரு நிச்சயதார்த்தம் நின்றே போனது. 'அமோக வரவேற்பை முன்னிட்டு' என்று ஆப் கெடுவை நீட்டியது. பிறகு மறுபடியும் நீட்டியது.

இதற்கு நடுவிலும் நாற்காலி போய் வந்துகொண்டுதான் இருந்தது. முன்பக்கம் பிடித்தவரும் பின்பக்கம் பிடித்தவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, அவ்வளவுதான். 'மெதுவா', 'இடதுபக்கம் பள்ளம்' என்று சொல்ல வேண்டியதை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த கிழவர் சொன்னார்.

ஜெராக்ஸ் அக்காவின் வாய்தான் அதையும் கெடுத்தது. அவளுக்கு மனதில் உள்ளதைக் கொட்ட இருந்த ஒரே ஆள் பால்காரம்மா. ஒருநாள் கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து நோட்டீஸ் அடிக்கச் சொல்லி மல்லுக்கு நின்றபிறகு, எரிச்சல் தாங்காமல் அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "இவனுங்களுக்கு அப்பன் பேரை விட்டா வேற என்னடி இருக்கு? ஒருத்தன் ட்யூபுக்கு ஒட்டுப் போடறான், இன்னொருத்தன் அந்த லொடலொட வண்டியை ஓட்டறான். பாலத்துக்குப் பேர் வேணுமாம் பேர். எங்க மாமனார் நாற்காலியைத் தூக்கறதுக்கு மட்டும்தான் ரெண்டு பேரும் லாயக்கு."

பால்காரம்மா அதைத் தன் அக்காவுக்கு மட்டும் அனுப்பினாள். அக்கா தன் நாத்தனாருக்கு மட்டும். பொழுது சாய்வதற்குள் இரண்டு குரூப்பிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. பல வாரத்துக்குப் பிறகு பின்தெரு ஒற்றுமையாகக் கேட்டது அந்த ஒரு மெசேஜைத்தான்.

கிழவரும் கேட்டார். யாரோ அக்கறையாக அவருக்கும் அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டை அவள் கொண்டுபோய் வைத்தபோது போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தூக்கறவங்க அதுக்குத்தான் லாயக்குன்னா, உக்காந்திருக்கிறவன் எதுக்கும்மா லாயக்கு?"

உங்களைச் சொல்லவில்லை என்று சொல்லலாம். ஆனால் யாரைச் சொன்னாள்?

மறுநாள் காலை நாற்காலியைத் துடைத்து வாசலில் போட்டாள். யாரும் வரவில்லை. பஞ்சர் கடைக்குப் போனாள். அவர் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அழுத்திப் பிடித்துக் குமிழியைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணே, நான் பேசினது தப்பு. என்னை நாலு அறை வேணும்னாலும் அறைங்க. மாமாவை மட்டும் தூக்கி விட்ருங்க. முந்தாநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும், காய்ச்சல்னு போகலை."

"நான் வர்றேன்மா. ஐயாவுக்காக வர்றேன். பின்பக்கம் அவன் பிடிச்சா நான் பிடிக்க மாட்டேன்."

பலகைக்கு மறுகரையில் வேனில் சாய்ந்து நின்ற வேன்காரருக்குப் போன் பண்ணினாள். "நானும் வர்றேன்க்கா. முன்பக்கம் வேற ஆளைப் போடுங்க."

வேறு ஆள்! வாய்க்கால் ஓரத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இடத்தில் போய்ப் பிடித்தால் தானும் ஏதோ ஒரு கட்சி என்று ஆகிவிடுமே என்ற கணக்கு எல்லார் முகத்திலும் ஓடியது. "அவங்க ரெண்டு பேருக்குத்தான் கால் பழக்கம்" என்றார் ஒருவர். "முதல்ல அவங்களைச் சமாதானம் பண்ணுங்க" என்றார் இன்னொருவர். யாருடைய அப்பா முதலில் மரம் போட்டார் என்ற பேச்சு அங்கேயும் தொடங்கிவிட்டது. "உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று அவள் கத்தினாள். கத்தும்போதே, இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதியைத் தானே ஊதித் தள்ளிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

வாசலிலிருந்து கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிட்டார். மூச்சு இரைத்தது, பாதம் இரண்டும் வீங்கியிருந்தது.

"மாமா, நாற்காலியில உக்காருங்க, ஏதாவது ஏற்பாடு பண்றேன்."

"அந்த நாற்காலியில இனிமே உக்கார மாட்டேன்."

பலகையின் முனையில் குந்தினார். காலைத் தொங்கப் போட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி குத்துகிற இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையை ஊன்றி, உட்கார்ந்த வாக்கில் ஒரு சாண் முன்னால் நகர்ந்தார். இன்னொரு சாண். பலகை நடுவில் வளைந்தது. ஜெராக்ஸ் அக்கா மருந்துப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முழங்கால் போட்டு அவர் பின்னாலேயே ஊர்ந்தாள். அவருடைய சட்டைக் காலரை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீழே கறுப்புத் தண்ணீர் நாறிக்கொண்டு ஓடியது. ஓடிவந்து பிடிக்கக் கை இல்லையா என்று திரும்பிப் பார்த்தாள். கைகள் இருந்தன. எல்லாக் கையிலும் போன் இருந்தது. எல்லா போனும் இவர்களைப் பார்த்து உயர்ந்திருந்தது. "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று ஒரு குரல்கூடக் கேட்டது.

மறுகரைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. வேன்காரர் ஓடிவந்து அவர் அக்குளில் கைகொடுத்தார். "தூக்காதப்பா, பிடிச்சுக்கோ போதும்" என்றார் கிழவர். எழுந்து நின்றார். வேட்டையில் பிடித்த விலங்கை விடாத மாதிரி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இன்னும் பிடித்திருந்த மருமகளின் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டார். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா, பேர் வெச்சாச்சா?"

பஞ்சர் கடைக்காரர் ஈரக்கையோடு பலகையின் அந்த முனையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் யாரோ ஒருவர், பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்து, போனைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னும் இல்லீங்கய்யா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். மருமகள் மருந்துப் பையோடு வெளியே நின்றாள்.